ஹெகேசோவின் கல்லில் ஏன் பெயர் மட்டும் இருக்கிறது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஹெகேசோ என்ற பெண்ணின் கல்லறைக் கல்லைப் பார்த்திருக்கிறீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பணிப்பெண் நீட்டும் பெட்டியிலிருந்து ஒரு நகையை எடுத்துப் பார்க்கிற பெண். சிற்பம் உங்களைக் கலங்கடித்திருக்கிறது. ஆனால் மேலே வெட்டியிருப்பது இரண்டே சொல் என்று தெரிந்ததும் ஏமாற்றம். “கிரேக்கர்கள் கல்லறையில் உருக்கமான கவிதை எழுதுவார்கள் என்றுதானே படித்தேன், இவளுக்கு ஏன் வெறும் பெயர்? கவிதை இருக்கும் கற்களிலும் அது உண்மையான துக்கமா, காசு கொடுத்து எழுதி வாங்கிய வாய்பாடா? இறந்தபின் என்ன ஆகும் என்று அவர்கள் நம்பினார்கள்?” என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகள் போல இருந்தாலும், கல்லில் இருக்கும் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற ஒரே கேள்விதான் இது. கிரேக்கக் கல்வெட்டுகளைப் படிக்கப் பயிற்சி பெற்று, பிறகு பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து அவற்றைப் படித்துவருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஹெகேசோவிடமிருந்தே தொடங்கலாம். கல்லில் இருப்பது ‘ஹெகேசோ’, ‘புரொக்செனோசின்’ என்ற இரண்டு சொற்கள். ‘மகள்’ என்ற சொல்கூட இல்லை. வேற்றுமை உருபே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்த கல் இது. ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே, கெராமெய்க்கோஸ் இடுகாட்டில், தெருவை ஒட்டிய ஒரு குடும்ப வளாகத்தில் நின்றது. அருங்காட்சியகச் சுவரில் தனியாக நிற்பதைப் பார்க்கும்போது நமக்கு இந்த வளாகம்தான் மறைந்துபோகிறது. அதே இடத்தில் கொரொய்போஸ் என்பவரின் பெயரோடு தொடங்கி, பல தலைமுறை ஆண்களின் பெயர்கள் வெட்டிய உயரமான கல் ஒன்றும் உண்டு. ஹெகேசோ அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள் என்று பலர் கருதுகிறார்கள். இடத்தைப் பார்த்தால் பொருத்தமாகவே தோன்றுகிறது, ஆனால் அவள் கல்லில் கணவன் பெயர் இல்லை. அதனால் அது ஊகம்தான். உறுதியாகத் தெரிவது, அந்தக் கல் தனியாக நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல என்பது. ஒரு பத்தியிலிருந்து பிய்த்தெடுத்த வாக்கியம் மாதிரி அதை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, ‘வெறும் பெயர்’ என்றீர்களே, அங்கேதான் நான் உங்களோடு உடன்படவில்லை. அன்றைய ஏதென்ஸில் மதிப்புள்ள குடும்பத்துப் பெண்ணின் பெயரை, அவள் உயிரோடிருக்கும்போது, வெளி ஆண்கள் பொது இடத்தில் சொல்வது வழக்கமில்லை. நீதிமன்ற உரைகளைப் படித்தால் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே வரும். புகழ்ந்தோ இகழ்ந்தோ ஆண்கள் நடுவில் பேச்சே அடிபடாமல் இருப்பதுதான் பெண்ணுக்குப் பெருமை என்று ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ், போரில் இறந்தவர்களுக்கான தன் இரங்கலுரையில் சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில், வண்டியும் ஆளுமாகப் போகிற தெருவைப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரை வெட்டி நிறுத்துகிறார்கள். வாழ்நாளெல்லாம் வீட்டுக்குள் மட்டும் ஒலித்த பெயரை இனி யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாகிறது. அந்த இரண்டு சொற்களை நான் சிறிதாக நினைப்பதே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, அது உணர்ச்சிக்கு அப்பாற்பட்டது. கி.மு. 451இல் வந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடியினராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ஆர்கோன் என்ற உயர்பதவிக்கு வருபவரை விசாரிக்கும்போது அப்பா யார், அம்மா யார், அம்மாவின் அப்பா யார் என்று கேட்டுவிட்டு, ‘உன் குடும்பக் கல்லறைகள் எங்கே இருக்கின்றன?’ என்றும் கேட்பார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசமைப்பு’ நூலில் இந்தக் கேள்வி வரிசை அப்படியே இருக்கிறது. அப்படியானால் ‘புரொக்செனோசின் ஹெகேசோ’ என்பது ஒரு குடும்பத்தின் ஆவணமும்கூட. ஆண்களுக்கு இன்னும் கறாராக, பெயர், அப்பா பெயர், பதிவான சிற்றூரின் பெயர் மூன்றும் வரும். வெளியூரிலிருந்து குடியேறியவர் என்றால் சிற்றூருக்குப் பதிலாக மிலேத்தோஸ்காரர், சினோப்பேக்காரர் என்று சொந்த நகரத்தின் பெயர். அடிமைகளுக்குப் பெரும்பாலும் பெயர் ஒன்றே. பழகிய கண்ணுக்கு ஒரு வரியிலேயே ஆள் யார் என்பது தெரிந்துவிடும்.

சரி, கவிதைக்கு வருவோம். இணையத்தில் சுற்றிவரும் ‘கிரேக்கக் கல்லறைக் கவிதை’களில் பல, கல்லுக்காக எழுதப்பட்டவையே அல்ல. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கல்லறை வாசகம் என்பது கவிஞர்கள் புத்தகத்துக்காக எழுதும் ஒரு வகையாகிவிட்டது. கிரேக்கப் பாடல் தொகையின் ஏழாம் பகுதி முழுக்க அந்த மாதிரிப் பாடல்கள்தான். சில உண்மையில் கல்லிலிருந்து எடுத்தவை, பல கற்பனை. ஆகவே ஒரு வரி உங்களை உலுக்கினால், அதைச் சுமக்கும் கல் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். தெர்மோபிலே வாசகத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன்: “அந்நியனே, அவர்கள் சொல்லுக்குப் பணிந்து இங்கே கிடக்கிறோம் என்று லகெடைமோனியரிடம் போய்ச் சொல்.” கி.மு. 480இல் பாரசீகரோடு நடந்த போரில் இறந்த ஸ்பார்ட்டாக்காரர்களுக்கானது, லகெடைமோனியர் என்பது அவர்களுக்கு இன்னொரு பெயர். இந்தக் கல் நமக்குக் கிடைக்கவில்லை, வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்ததால்தான் தெரியும். எல்லோரும் இதைக் கவிஞர் சிமோனிதேஸ் எழுதியது என்பார்கள். ஹெரோடோட்டஸோ அதே இடத்திலிருந்த வேறொரு பாடலை, மெகிஸ்தியாஸ் என்ற குறிசொல்பவருக்கானதை மட்டுமே சிமோனிதேஸின் பெயரோடு சேர்க்கிறார். மற்றது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னது.

கல்லிலேயே இருக்கும் கவிதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பிராசிக்லேயாவின் வாசகம், கி.மு. 550–540 வாக்கில் வெட்டியது. “பிராசிக்லேயாவின் அடையாளம். என்றென்றும் நான் கன்னி என்றே அழைக்கப்படுவேன். திருமணத்துக்குப் பதிலாகத் தெய்வங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த பெயர் இதுதான்.” இந்தக் கல் ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா பகுதியில் மெரெந்தா என்ற இடத்தில் ஒரு தேவாலயத்தின் கட்டுமானத்துக்குள் நெடுங்காலம் இருந்தது, வாசகத்தையும் அறிஞர்கள் எப்போதோ படித்துவிட்டார்கள். சிலை மட்டும் இல்லை. 1972இல் அருகிலேயே ஒரு குழியில், ஓர் இளைஞன் சிலையோடு சேர்த்துப் படுக்கவைத்துப் புதைத்திருந்த பெண் சிலை ஒன்று வெளிவந்தது. சிவப்பு உடையின் சாயம்கூட முழுதாகப் போயிருக்கவில்லை. சிலையைப் பீடத்தில் பொருத்தும் ஈய வளையமும் கூடவே கிடைத்தது. அது அந்தப் பீடத்தோடு சரியாகப் பொருந்தியது. பெயரும் உருவமும் மறுபடி ஒன்று சேர்ந்த அந்த நிகழ்வை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுத்ததில்லை. ஏன் புதைத்தார்கள் என்பதற்கு அரசியல் பகை, எதிரி பயம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். எதற்கும் நேரடிச் சான்று இல்லை.

அந்த வாசகத்தில் பேசுவது யார் என்று கவனியுங்கள். முதல் துண்டு யாரோ சொல்வது, அடுத்த துண்டில் ‘நான்’ வந்துவிடுகிறது. இந்தக் கற்களைச் செய்தவர்கள், வழிப்போக்கன் வாய்விட்டுப் படிப்பான் என்று எதிர்பார்த்தே செய்தார்கள். படிக்கிறவனின் குரலை இறந்த பெண் கடன் வாங்கிக்கொள்கிறாள். ‘பிராசிக்லேயா’ என்ற பெயரிலேயே ‘கிளேயோஸ்’ என்ற சொல் இருக்கிறது. புகழ் என்று பொருள், காதால் கேட்கப்படுவது என்பது அதன் அடிப்படை. தமிழில் ‘இசை’ என்றால் ஒலியும் உண்டு, புகழும் உண்டு அல்லவா, கிட்டத்தட்ட அப்படி. ‘அடையாளம்’ என்று நான் மொழிபெயர்த்த ‘சேமா’ என்ற சொல்லுக்குக் கல்லறை என்றும் பொருள், குறி என்றும் பொருள். உடல் இங்கே இருக்கிறது என்பதைவிட, இங்கே ஒரு செய்தி இருக்கிறது, படி என்பதுதான் அந்தச் சொல்லில் முன்னால் நிற்கிறது.

அனாவிசோஸில் கிடைத்த குரோய்சோஸ் என்ற வீரனின் பீடம் இன்னும் நேராகவே கட்டளையிடுகிறது: “நில். இறந்த குரோய்சோசின் அடையாளத்தருகே நின்று இரங்கு. முன்வரிசையில் போரிட்டவனை மூர்க்கமான ஆரேஸ் அழித்தான்.” ஆரேஸ் என்பது போர்த் தெய்வம். காலம் கி.மு. 530 வாக்கில். அருங்காட்சியகத்தில் இதற்கு மேலே நிற்கும் இளைஞன் சிலை பீடத்தோடு சேர்ந்து தோண்டியெடுக்கப்பட்டதல்ல. திருட்டுத்தனமாகத் தோண்டி பாரிசுக்குக் கொண்டுபோன சிலையை 1937இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பீடம் தனியாகப் பின்னால் தெரியவந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவை என்றே பெரும்பாலோர் ஏற்கிறார்கள், நானும் ஏற்கிறேன். ஆனால் பிராசிக்லேயாவுக்கு இருக்கும் ஈய வளையச் சான்று இதற்கு இல்லை.

இனி உங்கள் கடினமான கேள்வி, துக்கமா வாய்பாடா? ஒரே சொற்றொடர்கள் வெவ்வேறு கற்களில் பெயர் மட்டும் மாறி வருவது உண்மை. சில பாடல்களில் இறந்தவரின் பெயர் யாப்பில் பொருந்தாமல் சந்தம் உடைவதும் உண்டு. கைவசமிருந்த அச்சில் பெயரைத் திணித்ததன் தடயம் அது. சிற்பி பல இடங்களில் தன் பெயரை வெட்டிக்கொள்கிறார். பிராசிக்லேயாவின் பீடத்திலும் ‘பாரோஸ் தீவின் அரிஸ்தியோன் என்னைச் செய்தார்’ என்று இருக்கிறது. பாட்டு எழுதியவர் பெயர் வருவது மிக அபூர்வம். ஆகவே யார் எழுதினார், எவ்வளவு வாங்கினார், குடும்பம் என்ன சொல்லிக்கொடுத்தது என்பதெல்லாம் பெரும்பாலும் நமக்கு எட்டாத விஷயங்கள். ஆனால் வாய்பாடு என்பதாலேயே பொய் என்று ஆகாது. ஒப்பாரியிலும் வழிவழியாக வந்த அடிகள்தான் இருக்கின்றன. அதைப் பாடுகிறவளின் கண்ணீர் கடன் வாங்கியதல்ல.

அம்பாரேத்தேயின் கல்லைப் பாருங்கள். கி.மு. 430–420 காலத்தது, இப்போது கெராமெய்க்கோஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்காலியில் ஒரு பெண், மடியில் துணியில் சுற்றிய குழந்தை, அவள் கையில் ஒரு பறவை. எழுத்தை மறைத்துவிட்டுக் காட்டினால் எவரும் தாயும் சேயும் என்றுதான் சொல்வார்கள். மாணவர்களிடம் நான் அப்படித்தான் காட்டுவேன். பிறகு எழுத்தைப் படிப்போம்: “என் மகளின் அன்புக் குழந்தையை இங்கே வைத்திருக்கிறேன். உயிரோடிருந்து கதிரவனின் ஒளியை நாங்கள் கண்ட நாளில் மடியில் வைத்திருந்த அதே குழந்தையை, இப்போது இறந்ததை, இறந்தவளாய் நான் வைத்திருக்கிறேன்.” பாட்டியும் பேரக்குழந்தையும். கிரேக்கத்தில் கடைசி வரியில் ‘இறந்த’ என்ற சொல் இரண்டு முறை, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் வருகிறது, முதலாவது குழந்தைக்கு, அடுத்தது அவளுக்கு. சிற்பத்திலிருக்கும் முகம் பாட்டியின் முகமே அல்ல. பட்டறையில் இருந்த பொதுவான தாய்–சேய் வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது இங்கே வாய்பாடாக இருப்பது படம். இந்தக் குடும்பத்துக்கு மட்டுமே உரியது எழுத்து. ஹெகேசோவிடம் நீங்கள் கண்டதற்கு நேர் எதிர். கி.மு. 430இல் தொடங்கிய கொள்ளைநோயில் இருவரும் போயிருப்பார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். காலம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். கல் அதைச் சொல்லவில்லை.

கல் சொல்வதற்கும் நாம் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு தெக்சிலேயோஸின் கல் நல்ல உதாரணம். தொரிக்கோஸ் சிற்றூரின் லிசானியாஸ் மகன், குதிரைவீரன். எந்த ஆர்கோன் காலத்தில் பிறந்தான், எந்த ஆர்கோன் காலத்தில் கொரிந்தில் இறந்தான் என்று இரண்டையும் வெட்டியிருக்கிறார்கள். அங்கே ஆண்டை அந்த ஆண்டின் ஆர்கோன் பெயரால்தான் குறிப்பார்கள். நம் கணக்கில் கி.மு. 414/3, 394/3 (அவர்களுடைய ஓர் ஆண்டு நம் இரண்டு ஆண்டுகளில் விழும்). இருபது வயது. ஏதென்ஸ் கல்லறைகளில் பிறந்த ஆண்டைச் சொல்லும் பழக்கமே இல்லை. பிறகு இவனுக்கு மட்டும் ஏன்? கி.மு. 404இல் வந்த கொடுங்கோல் ஆட்சிக்குக் குதிரைப்படை துணைபோனது என்ற கெட்ட பெயர் இருந்தது. அப்போது இவன் சிறு பிள்ளை, இவனுக்கு அதில் பங்கில்லை என்று காட்டத்தான் என்பது பரவலான விளக்கம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனாலும் அது விளக்கம்தான். கல்லில் இருப்பது இரண்டு ஆண்டுகள் மட்டும்.

ஆண்டு வெட்டாத மற்றக் கற்களின் காலத்தை எழுத்தின் வடிவம், சிற்பப் பாணி, கிடைத்த மண் அடுக்கு இவற்றை வைத்துச் சொல்கிறோம். கி.மு. 403இல் ஏதென்ஸ் அரசு தன் பழைய எழுத்தை விட்டு, கிழக்குக் கிரேக்கர்களின் அயோனிய எழுத்துமுறைக்கு மாறியது ஒரு நல்ல எல்லைக்கோடு. ஆனால் தனியார் அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டார்கள், ஆகவே கல்லறைகளில் அந்தக் கோடு மங்கல். தேய்ந்த எழுத்தைப் படிக்க ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடித்து, காய்ந்தபின் உரித்தெடுப்பார்கள். நம்மூர் மைப்படி போல, ஆனால் மையில்லாமல் பள்ளம் மேடாகப் பதியும். அப்படியும் தெரியாத எழுத்துகளை ஊகித்துப் போட்டால் பதிப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் வரும். மொழிபெயர்ப்பில் அந்தக் குறி காணாமல் போய்விடுகிறது, படிக்கிறவர் எல்லாமே கல்லில் இருந்ததாக நினைத்துக்கொள்கிறார். போதாததற்கு, பல கற்களில் எழுத்தைச் சாயத்தால்தான் எழுதினார்கள். இன்று மொட்டையாக நிற்கும் கல் அன்று பேசிக்கொண்டிருந்திருக்கலாம். ஹெகேசோ எடுத்துப் பார்க்கும் நகையும் சாயத்தில் தீட்டியதுதான், அதனால்தான் அவள் விரல்களுக்கிடையில் இப்போது ஒன்றும் இல்லை.

கிடைத்ததே ஒரு பகுதிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரசீகர்கள் போனபின் கி.மு. 479இல் அவசர அவசரமாக நகர மதிலைக் கட்டியபோது கல்லறைக் கற்களையும் பிடுங்கி அடுக்கினார்கள் என்று துசிடிடீஸ் எழுதினார். மதிலைத் தோண்டியபோது அந்தக் கற்கள் அப்படியே கிடைத்தன. அப்புறம் கி.மு. 317 வாக்கில் அப்போது ஏதென்ஸை ஆண்ட பலேரோன் ஊர் தெமெத்ரியோஸ் ஆடம்பரக் கல்லறைகளைத் தடைசெய்தார். மூன்று முழத்துக்கு மேற்படாத சிறு தூண், அல்லது மேசைக்கல், அல்லது தொட்டி, இவை மட்டுமே வைக்கலாம் என்பது சட்டம். ரோமானிய எழுத்தாளர் சிசரோ இதைக் குறித்துவைத்திருக்கிறார். ஹெகேசோவுக்கு இருப்பது போன்ற சிற்பங்கள் அதோடு ஏதென்ஸில் நின்றுபோயின. பிறகு நூற்றுக்கணக்கில் வருவது பெயர் மட்டும் வெட்டிய குட்டைத் தூண்கள்தான்.

கடைசியாக மறுமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரேக்கர்கள் ஒரே மாதிரி நம்பினார்கள் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் தயங்குங்கள். கி.மு. 432இல் பொத்திதையா போரில் விழுந்தவர்களுக்கு ஏதென்ஸ் அரசு வைத்த கல் “உயிர்களை வானம் ஏற்றது, உடல்களை மண்” என்கிறது. ரோமர் காலத்தில் சிரியா முதலான இடங்களில் “தைரியமாயிரு, சாகாதவர் யாருமில்லை” என்று திரும்பத் திரும்ப வெட்டினார்கள். சின்ன ஆசியாவின் கல்லறைகள் பலவற்றுக்குக் கவலையே வேறு. அடுத்தவன் பிணத்தை உள்ளே வைத்தால் கருவூலத்துக்கு இவ்வளவு அபராதம் என்றும், கல்லை உடைப்பவனுக்கு இன்ன சாபம் என்றும் நீளும். துருக்கியில் அய்தின் அருகே கிடைத்து இப்போது கோபன்ஹேகனில் இருக்கும் செய்கிலோஸின் தூணில் பாட்டும் அதற்கான இசைக்குறிகளும் உண்டு: “இருக்கும்வரை ஒளிர், எதற்கும் வருந்தாதே, வாழ்வு கொஞ்ச காலந்தான், முடிவைக் காலம் கேட்டு வாங்கும்.” அந்தத் தூண் எயுத்தெர்ப்பே என்ற பெண்ணுக்கு வைத்தது என்று எங்கும் எழுதுகிறார்கள். கடைசி வரி சிதைந்திருப்பதால், அது செய்கிலோஸின் அப்பா பெயராகவும் இருக்கலாம்.

எனக்கு மிக நெருக்கமாக இருப்பது மெலித்தா என்ற செவிலித்தாயின் கல். கி.மு. 4ஆம் நூற்றாண்டு, ஏதென்ஸ், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெலித்தா குடியேறிய ஒருவரின் மகள். அவள் வளர்த்த ஹிப்போஸ்திராத்தே வைத்த கல் இது. “ஹிப்போஸ்திராத்தேயின் நல்ல செவிலியை இங்கே மண் மூடியிருக்கிறது, அவள் இப்போதும் உனக்காக ஏங்குகிறாள்” என்று படர்க்கையில் தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே அது உடைந்து ஹிப்போஸ்திராத்தேயே பேசத் தொடங்கிவிடுகிறாள்: “நீ இருந்தபோது உன்னை நேசித்தேன் செவிலித்தாயே, மண்ணுக்கடியில் இருக்கும் உன்னை இப்போதும் போற்றுகிறேன், நான் உள்ளவரை போற்றுவேன்.” ‘நல்ல’ என்று நான் எழுதிய ‘கிரேஸ்தே’ அடிமைகளுக்கும் செவிலியருக்கும் வழக்கமாகப் போடும் வாய்பாட்டுச் சொல், பயனுள்ளவள் என்பதும் அதன் பொருள். ஹிப்போஸ்திராத்தே அந்தப் பழகிய சொல்லையே எடுத்து முடிவில் மறுபடி பயன்படுத்துகிறாள்: “மண்ணுக்கடியிலும் நல்லவர்களுக்குப் பரிசு என்று ஒன்று இருக்குமானால், பெர்செபோனேயிடமும் புளூட்டோவிடமும் முதல் மரியாதை உனக்குத்தான், செவிலித்தாயே, எனக்குத் தெரியும்.” பெர்செபோனேயும் புளூட்டோவும் இறந்தோர் உலகின் அரசியும் அரசனும். ‘எனக்குத் தெரியும்’ என்பதும் ‘இருக்குமானால்’ என்பதும் அங்கே ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. மறுமை உண்டா என்பது ஹிப்போஸ்திராத்தேக்கு உறுதியில்லை. மெலித்தாவைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை.